ஊசி நிற்காத நாள்

எங்கள் மைன் சர்வே ஆபீஸில் அலமாரிக்கு மேலே ஒரு பித்தளைப் பெட்டி கிடக்கிறது. அதற்குள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் காந்த ஊசி. போன மாதம் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாமென்று அந்தப் பக்கம் போனேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் மேப் சுருள் காற்றில் பறக்காமல் இருக்க அந்தப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தேன். அவர்களில் ஒருத்தன், "இன்னா மேஸ்திரி, இந்த ஊசிய நம்பியா பூமிக்குள்ள வழி பார்த்தீங்க?" என்று சிரித்தான். தினமும் நீ நடந்து போகிற சுரங்க லெவலுக்கு வழி பார்த்தது உங்க தாத்தாவா என்று கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், வேலையை விட்டும் அது சுருங்கவில்லை. அவன் நல்ல பையன், கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்துக் கதை கேட்டான். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

சிவசமுத்திரத்து மின்சாரம் வந்ததிலிருந்து ஊசிக்கு மரியாதை போய்விட்டது. மின்கம்பி ஓடுகிற இடத்தில் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். இப்போதெல்லாம் ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டு, அவற்றைப் பிடித்துக் கணக்குப் போட்டுத்தான் திசையைக் கீழே கொண்டுபோகிறார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் அந்த ஊசிதான் எல்லாம்.

நான் ஆம்பூர்ப் பக்கத்து ஆள், பெயர் ஞானமுத்து. பஞ்சத்தில் வீட்டில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு திக்காகப் போனோம். நான் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வந்து மண் அள்ளினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து படித்திருந்தேன். ஒருநாள் சர்வே துரை கீழே வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இங்கிலீஷ் எண் படிக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை அவர் கடைசிவரை இறக்கவே விடவில்லை. விளக்குப் பிடிக்கிறவனாகச் சேர்ந்து, மேஸ்திரியாக ஆகி, கண் மங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

அந்த ஊசிப் பெட்டிக்கு டயல் என்று பெயர், அதனால் அவரை நாங்கள் டயல் துரை என்போம். ஒல்லியான உயரமான மனிதர், ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜில் ஏறும்போது தலையைக் குனிந்துதான் ஏறுவார். எதையும் மூன்று தடவை பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார். தமிழைத் தன் சமையல்காரரிடம் கற்றுக்கொண்டார். அந்த ஆள் இவரிடம் பேசுகிற மரியாதையிலேயே இவரும் எல்லோரிடமும் பேசுவார். தெருநாயைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். அடக்கமாட்டாமல் சிரித்திருக்கிறோம். ஆனால் மண் அள்ளுகிற எங்களை வாங்க போங்க என்று கூப்பிட்ட வெள்ளைக்காரர் அவர் ஒருத்தர்தான்.

ஊசிக்கு இரும்பு ஆகாது. அதனால் ஷாப்ட் வாயில் ஒரு மூங்கில் கூடை வைத்திருப்போம். சர்வே உண்டென்றால் கீழே இறங்குவதற்கு முன்னால் முதலில் துரை வருவார். கடிகாரம், சாவிக்கொத்து, பேனாக்கத்தி, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போடுவார். ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு கேன்வாஸ் ஷூ மாட்டுவார். அப்புறம் நான், எனக்கப்புறம் அளக்கிற செயினைப் பிடிக்கிறவர்கள். பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, பெட்டிச் சாவி, செருப்பு எல்லாம் கூடைக்குப் போகும். கீழே போனால் அந்த இடத்துத் தண்டவாளத்தைக் கழற்றி அப்பால் போடவேண்டும். துளை போடுகிற உளி, சுத்தியல் எல்லாம் தள்ளிப் போகவேண்டும். சர்வே முடிகிறவரைக்கும் தள்ளுவண்டி ஓடாது. அளக்கிற செயினும் இரும்புதான். முதலில் அளந்து முடித்து, அதைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

பெட்டியைத் திறந்து ஊசியைப் பிடித்திருக்கிற முள்ளைத் தளர்த்தினால் ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஆட்டம் குறைந்து குறைந்து ஒரு கோட்டில் வந்து நிற்கும். விரல் நகத்தால் பெட்டியை லேசாகத் தட்டுவார். ஊசி அசைந்து மறுபடியும் அதே கோட்டில் நிற்கவேண்டும். இரண்டு முனையும் காட்டுகிற எண்ணை நான் படிக்க, அவரும் படித்துப் பார்ப்பார். அப்புறம் ஊசியைப் பூட்டித் திறந்து, முதலிலிருந்து செய்வார். நான் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடவேண்டும், விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். தொப்பியில் களிமண் உருண்டை வைத்து அதில் மெழுகுவத்தி செருகியிருப்போம். உருகின மெழுகு காதில் விழும், அசையக் கூடாது.

மேலே திரும்பி வந்ததும் இன்னொரு வேலை உண்டு. ஆபீஸுக்குப் பின்னால் ஒரு கருங்கல் நட்டிருக்கும். அதன்மேல் ஊசிப் பெட்டியை வைத்து, மைசூர் மைன்ஸ் பக்கத்துக் குன்றில் சுண்ணாம்பு அடித்த அடையாளத்தைப் பார்த்து ஊசியைப் படிக்கவேண்டும். இறங்குவதற்கு முன்னாலும் ஏறி வந்த பிறகும் ஊசி ஒரே எண்ணைச் சொன்னால்தான் அன்றைய வேலை செல்லும். அந்தக் குன்றுக்குச் சரியான திசை எது என்பதை அவர் சூரியனை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்திருந்தார். அவ்வப்போது அதைச் சரிபார்ப்பார்.

சூரியனைக் கண்ணால் பார்க்க மாட்டார். கோணம் அளக்கிற கருவியின் தொலைநோக்கிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்வார். அதில் சூரியன் வெள்ளி ரூபாய் அளவுக்கு வந்து விழும். முதல் தடவை நான் அட்டை பிடித்தபோது அதில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அழுக்கென்று நினைத்து விரலால் துடைத்தேன். புள்ளி என் விரல்மேல் ஏறிக்கொண்டது. டயல் துரை வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அது சூரியன்மேல் இருக்கிற புள்ளி என்று சொன்னார். சூரியனுக்கும் மச்சம் உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அப்புறம் பழகிவிட்டது. அட்டையைத் தள்ளிப் பிடித்தால் சூரியன் பெரிதாக விழும். புள்ளியின் நடுவில் கரிக்கறுப்பு. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஓரம். அந்த ஓரத்தை உற்றுப் பார்த்தால் கீற்றுக் கீற்றாக, பனையோலை விசிறியின் மடிப்புபோல, கோடுகள் நடுவை நோக்கி ஓடும். துரை பென்சிலைச் சீவிக்கொண்டு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக வரைவார். அடுத்தடுத்த நாளில் புள்ளி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து போய் மறையும். சூரியன் திரும்புகிறது என்பார். புள்ளி நிறைய வருகிற வருஷங்களில் உலகத்தில் இருக்கிற ஊசிகளுக்கெல்லாம் நிம்மதி போய்விடும், ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று ஒருதரம் சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஆனால் சத்தியமாக நான் நம்பவில்லை.

செயின் பிடிக்கிறவர்களில் கன்னியப்பன் என்று ஒருத்தன். குடியாத்தம் பக்கம். கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் என் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிறவன். அவனோ விடிகாலையில் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்துச் சூரியனைக் கும்பிடாமல் கஞ்சிச் சட்டியைத் தொடமாட்டான். உன் சாமி வாரம் ஒருநாள்தான் வேலை பார்க்குது, என் சாமி தினமும் ஷிப்ட்டுக்கு வர்றாரு என்று என்னைக் கிண்டல் பண்ணுவான். உன் சாமி மூஞ்சியில மச்சம் இருக்குடா, நான் என் கண்ணால பார்த்தேன் என்று நானும் விடமாட்டேன்.

அவன் பெண்சாதி பச்சையம்மாவுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. பிள்ளை பெற்ற வாசம் வீட்டில் அடங்குவதற்குள் இறந்துபோனது. பூமிக்குள்ளே போய் வருகிறவன் எதையோ கூட அழைத்து வந்துவிட்டான் என்று லைனில் பெண்கள் பேசினார்கள். அடுத்து அவள் முழுகாமல் இருந்தபோது, காத்து கருப்பு அண்டாமல் இருக்கப் பழைய இரும்புச் சாவி ஒன்றை அவன் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டாள். இவனும் கூடையில் போடாமல் அதோடு இறங்கிவிட்டான். ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. துரை சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் திட்டவில்லை. ஆனால் அந்தப் பகுதி வேலையை மேற்பார்க்கிற, கேப்டன் என்று கூப்பிடுகிற வெள்ளைக்காரர் அங்கே இருந்தார். சுரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்போல முரட்டு ஆள். இன்னொரு தடவை ஊசிக்குப் பக்கத்தில் உன்னிடம் இரும்பு இருந்தால் டிக்கெட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அத்தனை பேர் நடுவிலும் கத்தினார். டிக்கெட் என்பது வேலைச் சீட்டு; அது போனால் வேலை போகும், வேலையோடு லைன் வீடும் போகும்.

அன்று மாலை பச்சையம்மாவைச் சமாதானம் பண்ண நான்தான் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஒரு புள்ளைய குழியில வெச்சாச்சி. இன்னொண்ணையும் வெக்கச் சொல்றியாண்ணா?"

கன்னியப்பன்தான் முடிவு சொன்னான். சாவி அவள் தலைமாட்டில் இருக்கட்டும், தான் வெறும் இடுப்போடு போகிறேன் என்றான். அவளே அழுதுகொண்டு அவிழ்த்து எடுத்தாள். அதிலிருந்து கூடைக்கு முன்னால் வந்தால், யாரும் கேட்காமலே வேட்டியை விலக்கி அரைஞாண் கயிற்றைக் காட்டிவிட்டுத்தான் கேஜில் ஏறுவான். பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பிள்ளை பிறந்தது. பெண். செங்கேணி என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்குக் காப்பு கட்டியிருந்த சமயத்தில்தான் நான் சொல்லவந்த விஷயம் நடந்தது.

இரண்டு ஷாப்ட்டிலிருந்து ஒரே ஆழத்து லெவலில் எதிரும் புதிருமாகக் குடைந்து வந்துகொண்டிருந்தோம். நடுவில் இரண்டும் சந்திக்கவேண்டும். ஒரு பக்கத்துக் குடைவில் காற்றே இல்லை, வத்தி எரியத் தவித்தது, ஆட்கள் மயங்கினார்கள். இரண்டும் சேர்ந்துவிட்டால் காற்று ஓடும். திசை கொடுக்கவேண்டியது எங்கள் வேலை. தண்டவாளத்தைக் கழற்றியாயிற்று, வண்டிகள் நின்றுவிட்டன. வண்டி நின்றால் கேப்டனுக்கு மூலம் வந்ததுபோல இருக்கும். எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டு தலைக்குமேலே வந்து நின்றார். துரை கையால் காட்டி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

பெட்டியைத் திறந்தோம். ஊசி ஆடியது, குறைந்தது, நின்றது. படிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் நகர்ந்துவிட்டது. யாரோ நூல் கட்டி மெல்ல இழுப்பதுபோல ஒரு மயிரளவு போய், அங்கே நின்று நடுங்கி, திரும்பி வந்தது. துரை தட்டினார். மறுபடியும் அப்படியே. பூட்டித் திறந்தார். ஊசி நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமே வந்துவிட்டது.

கேப்டன் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் திரும்பிக் கன்னியப்பனைத்தான் தேடினார். அவன் செயினை வைத்துவிட்டுத் தூரத்தில் சுவரோரம் குந்தியிருந்தான். எழுந்து வரச்சொல்லித் துணியை உதறச் சொன்னார். இடுப்பில் ஒன்றுமில்லை. மடியில் இல்லை, தலைப்பாகையில் இல்லை. காலடியில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் இருந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் அதில் போட்டுவிட்டான் என்றார் கேப்டன். தண்ணீரில் கைவிட்டுத் துழாவச் சொன்னார். சேறுதான் வந்தது. அப்படியானால் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். இல்லை என்று எப்படிக் காட்டுவது? இருக்கிற பொருளைக் காட்டலாம், இல்லாத பொருளை எங்கே போய்க் காட்டுவான்?

"தொரே, எங்கிட்ட இல்ல. எம் பொண்ணு மேல சத்தியம்" என்றான் கன்னியப்பன். டயல் துரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

அவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார், கன்னியப்பன் தனியாக நடந்து போனான். அவன் தொப்பியிலிருந்த வெளிச்சம் லெவலின் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத் துரைமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாய்க்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு மனுஷனுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மேலே ஏறினேன்.

ஏறியதும் அவர் கூடையில் கிடந்த கடிகாரத்தைக்கூட எடுக்கவில்லை. நேராகக் கருங்கல்லுக்கு நடந்தார். குன்றைப் பார்த்து ஊசியைத் திறந்தார். காலையில் சொன்ன எண்ணில் அது இல்லை. அங்கேயும் மெல்ல நகர்ந்து நகர்ந்து போயிற்று. வெட்டவெளி, சுற்றிலும் புல், ஒரு ஆணி கிடையாது. கன்னியப்பனோ அதற்குள் லைனுக்குப் போயிருந்தான். "பாருங்க" என்றார் துரை, அவ்வளவுதான். அப்புறம் வெள்ளை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அட்டையில் சூரியன் விழுந்தது. நான் அதுவரை பார்த்த புள்ளியெல்லாம் ஒன்றுமேயில்லை. சூரியனின் நடுவில் ஒரு பெரிய கூட்டம். இரண்டு பெரிய கறுப்பு, அவற்றுக்கிடையே சிறிதும் பொடியுமாக எத்தனையோ. ஓரத்துக் கீற்றுகள் நேராக இல்லை, வளைந்து ஒன்றையொன்று தேடிப்போவதுபோல இருந்தன. துரை வரைய உட்கார்ந்தார். அவர் பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது. அவருக்கும் பயமா, சந்தோஷமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வரைந்து முடித்த கையோடு கேப்டனிடம் போனார். நானும் பின்னால் போனேன். கேப்டன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். வானத்தில் இருக்கிற சூரியன்மேல் ஒரு கறை விழுந்தால் பாறைக்கு அடியில் இருக்கிற ஊசி ஆடுமா, இதை நம்பச் சொல்கிறாயா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கருங்கல் பக்கத்தில் எவனாவது இரும்பைப் புதைத்திருப்பான் என்றும் சொன்னார். துரை கோபப்படவில்லை. ஊசி கெடுகிற நாளில் தந்தியும் கெடும், பங்காருபேட்டை ஸ்டேஷனிலிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத் தந்திக் கம்பியில் வேலையே நடக்கவில்லை என்று அங்கிருந்து வந்த ஆள் சொன்னான். யாரும் தொடாமலே கருவி தானாகத் தட்டிக்கொண்டதாம், தந்தி பாபு பயந்து எழுந்து வெளியே போய்விட்டாராம். கேப்டன் அப்போதும் தலையாட்டவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது துரை ஒரு காரியம் செய்தார். அதற்காக அவர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் அன்றைக்கே விட்டுவிட்டேன். மறுநாள் கன்னியப்பன் இல்லாமல் இறங்குவோம், ஊசிக்குப் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்று கேப்டனைக் கூப்பிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கூடை எல்லோருக்கும் ஒன்றுதான்.

அடுத்த காலை ஷாப்ட் வாயில் நடந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கேப்டன் கடிகாரத்தைக் கழற்றினார், கத்தியைக் கழற்றினார், பட்டையைக் கழற்றினார். துரை அவர் பூட்ஸைப் பார்த்தார். அடியில் வரிசையாக ஆணி. கேப்டன் முகம் சிவந்தது. வேறு ஷூ எதுவும் அந்தக் காலுக்குச் சேரவில்லை, அது மகா பெரிய கால். கடைசியில் வெறுங்காலோடு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கேஜில் ஏறினார். நாங்கள் தினமும் நடக்கிற கல்லில் அவர் நொண்டி நொண்டி நடந்தார். நான் முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் மெதுவாகவே போயிருக்கலாம், போகவில்லை.

உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தோம். ஊசி ஆடி, நின்று, மறுபடி நகர ஆரம்பித்தது. முந்தின நாள் அளவுக்கு இல்லை, ஆனால் நகர்ந்தது. கேப்டன் தன் மடியைத் தடவிப் பார்த்தார். என்னைத் தடவினார். துரையைத் தடவ முடியாமல் விட்டார். ரொம்ப நேரம் ஊசியைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார். அப்புறம் எழுந்து, டிக்கெட்டைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்து, அவனை ஷிப்ட்டுக்கு வரச் சொல் என்றார்.

நான் லைனுக்கு ஓடினேன். பாதிச் சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பச்சையம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டைக் கொடுத்தேன். கன்னியப்பன் வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் தெளியவில்லை.

"இன்னா சொன்னாரு? எங்கிட்ட இரும்பு இல்லன்னு சொன்னாரா?"

"வேலைக்கு வரச் சொன்னாரு."

"அதில்ல ஞானம். இல்லன்னு வாயால சொன்னாரா?"

சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தை கேப்டன் வாயிலிருந்து வரவேயில்லை. டயல் துரை மட்டும் அடுத்த நாள் கூடைக்குப் பக்கத்தில் நின்று, கன்னியப்பன் வேட்டியை விலக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "நீங்க காட்ட வேணாங்க. எப்பவும் வேணாங்க" என்றார். கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஊசி அடங்குகிறவரைக்கும் துரை திசை கொடுக்க மறுத்துவிட்டார். கேப்டன் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. அடங்கிய பிறகு எடுத்த திசையில் குடைந்தோம். ஒருநாள் பாறைக்கு அந்தப் பக்கமிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு துளை விழுந்தது. அதன் வழியாகக் காற்று வந்து எங்கள் வத்தியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு குடைவுக்கும் வித்தியாசம் ஒரு கை அகலம்கூட இல்லை. அந்தக் காற்று முகத்தில் பட்ட சுகத்தை எழுத்தில் சொல்ல என்னால் ஆகாது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. லைனில் கன்னியப்பனுக்கு இரும்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீரில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டான், துரை காப்பாற்றிவிட்டார் என்பதுதான் ஊர்ப்பேச்சு. சூரியன் கதையை நான் சொன்னால் என்னையும் சேர்த்துச் சிரித்தார்கள். அப்புறம் வந்தவர்களுக்கு அது ஏன் வந்த பெயர் என்றே தெரியாது. இரும்பு மாமா, இரும்பு தாத்தா என்று கூப்பிட்டார்கள். செங்கேணியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இரும்பு வீடு எது என்றுதான் விசாரித்தார்கள். அவன் திரும்பிப் பார்ப்பான், பதில் சொல்வான், சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது அவனைக் குத்துகிறது என்று எனக்குத் தெரியும். கேப்டன் சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். டயல் துரையும் கப்பல் ஏறினார். போகும்போது எனக்குத் தன் பேனாக்கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், இப்போது இருக்கிற சின்ன துரை ஒரு புத்தகம் கொண்டுவந்து காட்டினார். தெற்கே மலைமேல் சூரியனைத் தினமும் படம் பிடிக்கிறார்களாம், சீமையிலும் அமெரிக்காவிலும் அதையே செய்கிறார்களாம். ஒரு படத்தில் புள்ளியைச் சுற்றி நெருப்பு சுழி சுழியாக வளைந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு டயல் துரை பென்சில் ஒடிய ஒடிய வரைந்தாரே, அதே வளைவு. இதென்ன துரை என்று கேட்டேன். அவர் மேசைமேல் ஒரு காந்தத்தை வைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்து, ஒர்க்ஷாப்பிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தூளைத் தூவித் தட்டினார். தூள் வளைந்து வளைந்து கோடாக நின்றது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன், அதைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகிவிட்டதாம். வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து அமெரிக்காவில் ஒருத்தர் கண்டுபிடித்திருக்கிறார்: சூரியன்மேல் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெரிய காந்தம்.

அன்று சாயந்திரம் கன்னியப்பன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். செங்கேணி பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் தலைமாட்டில் அந்தப் பழைய சாவி இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கன்னியப்பன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அப்புறம் பச்சையம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுக்கு முன்னால் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுசன் இடுப்புல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அவுத்து வெச்சேன்" என்றாள்.

"அப்போ அன்னிக்கி இரும்ப மடியில வெச்சிக்கினு வந்தது என் சாமிதான்" என்றான் கன்னியப்பன்.

நான் ஆமாம் என்றேன். அவன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான், களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன்.

மறுநாள் விடிகாலை நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் குளித்து ஈர வேட்டியோடு வந்து, வழக்கமான இடத்தில் கிழக்கே பார்த்து நின்றான். தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கு மேலே சூரியன் சிவப்பாகத் தலை காட்டியது. அவன் கையைக் கூப்பவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, லைன் முழுக்கக் கேட்கிறமாதிரி, "இன்னா இரும்பு, வந்துட்டியா?" என்றான்.

கேட்டுவிட்டு, தினமும் செய்கிறமாதிரி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான்.